பசிப்பிணியும் சமயநெறியும்: மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் தொண்டு வாழ்க்கை

1. ஆய்வின் நோக்கம்

தமிழ் இலக்கிய வரலாற்று நூல்களில் மாயூரம் வேதநாயகம் பிள்ளைக்கு உரிய இடம் பெரும்பாலும் ஒரே தொடரில் அடங்கிவிடுகின்றது. தமிழின் முதல் நாவலாகிய 'பிரதாப முதலியார் சரித்திர'த்தை 1879ஆம் ஆண்டில் வெளியிட்டவர் என்பதே அத்தொடர். அப்புகழ் அவருக்கு உரியதே. ஆயினும், அப்புகழின் ஒளியில் அவர்தம் வாழ்க்கையின் மற்றொரு கூறு மங்கிப்போயிற்று. அவர் ஆழ்ந்த கத்தோலிக்கப் பற்றுடையவர். அப்பற்றினைச் சொல்லாலன்றிச் செயலாலும் புலப்படுத்தியவர். அக்கூற்றினை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வேதநாயகரின் நூல்களை ஒருசேர வைத்துப் பயில்வார்க்கு ஓர் ஐயம் எழுதல் இயல்பு. ஒருபுறம் திருவருள் மாலை, திருவருள் அந்தாதி, தேவமாதா அந்தாதி, பெரியநாயகியம்மை பதிகம், சத்திய வேதக் கீர்த்தனை எனக் கத்தோலிக்கச் சமயத்துக்கே உரிய நூல்கள் நிற்கின்றன. மறுபுறம் 1878ஆம் ஆண்டில் வெளிவந்த 'சர்வ சமய சமரசக் கீர்த்தனை' நிற்கின்றது. முதல்வகை நூல்களைப் பாடியவர் ஒரு திருச்சபையின் பத்தர். இரண்டாம் வகை நூலைப் பாடியவரோ எல்லாச் சமயத்தாரும் தத்தம் வழிபாட்டிற் பாடத்தக்க பாடல்களை அளித்தவர். இவ்விருவரும் ஒருவர்தாமா? சமரசமே அவருடைய உள்ளக்கருத்து, சமய நூல்கள் பிறந்த குடிக்குச் செய்த கடன் என்று கூறலாமோ? அன்றிச் சமயப்பற்றே உண்மை, சமரசம் பொதுவாழ்வினர் ஒருவரின் நாகரிகம் என்று கூறலாமோ?

இவ்விரு விடைகளும் பொருந்தா என்பதே நம் கருத்து. இரண்டும் சமயம் என்பதனைக் கொள்கை அளவிலேயே வைத்து நோக்குவதால் பிறந்தவை. வேதநாயகருக்குச் சமயம் என்பது கொள்கையும் செயலும் இணைந்ததொரு வாழ்க்கை. அவருடைய பத்திமையையும் சமரசத்தையும் ஒருங்கே பிணைத்து நிற்பது தொண்டு. இதனை அவர் வாழ்க்கை நிகழ்ச்சிகள் கொண்டும், நூல்களின் அமைப்புக் கொண்டும், சிறப்பாகத் தாது ஆண்டுப் பஞ்சத்தில் அவர் ஆற்றிய பணி கொண்டும் நிறுவ முயல்வோம்.

2. வாழ்வும் பின்புலமும்

வேதநாயகம் பிள்ளை திருச்சிராப்பள்ளியைச் சார்ந்த குளத்தூரில் 1826ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 11ஆம் நாள் பிறந்தார். தந்தையார் சவரிமுத்துப் பிள்ளை; தாயார் ஆரோக்கிய மரியம்மாள். திருச்சிராப்பள்ளி நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக விளங்கிய தியாகராச பிள்ளை என்பாரிடம் தமிழும் ஆங்கிலமும் பயின்றார். பின்னர் அந்நீதிமன்றத்திலேயே ஆவணக் காப்பாளராகவும் மொழிபெயர்ப்பாளராகவும் பணியாற்றினார். 1857ஆம் ஆண்டில் தரங்கம்பாடியில் மாவட்ட முன்சீப் ஆனார். அதன்பின் சீர்காழியிலும் மாயூரத்திலும் அப்பதவியை வகித்து, 1872இல் ஓய்வு பெற்றார். மாயூரம் நகரசபையின் தலைவராகவும் பணியாற்றினார். 1889ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 21ஆம் நாள் இயற்கை எய்தினார்.

அவர் முதன்முதல் நீதிபதியாய் அமர்ந்த தரங்கம்பாடி, தமிழகக் கிறித்தவ வரலாற்றில் தனியிடம் பெற்றதோர் ஊர். சீகன்பால்கு 1706ஆம் ஆண்டில் வந்திறங்கி லுத்தர் மறையைப் பரப்பத் தொடங்கியது அவ்வூரிலேயாம். அவ்வூர்ச் சபையாருக்கும் கத்தோலிக்கருக்கும் இடையே 18ஆம் நூற்றாண்டில் கடுஞ்சொற்போர் நிகழ்ந்தது. தேம்பாவணி பாடிய வீரமாமுனிவரே அப்போரில் முன்னின்று, 'வேத விளக்கம்', 'பேதகமறுத்தல்', 'லுத்தேரினத்தியல்பு' முதலிய கண்டன நூல்களை இயற்றினார். 19ஆம் நூற்றாண்டிலோ இப்போர் மேலும் விரிந்தது. சைவர்க்கும் புரோட்டஸ்தாந்தர்க்கும் இடையே கண்டனங்களும் மறுப்புகளும் அச்சேறிய வண்ணம் இருந்தன. ஆறுமுக நாவலரின் 'சைவதூஷண பரிகாரம்' 1854ஆம் ஆண்டில் தோன்றியதனை ஈண்டு நினைவுகூர்தல் தகும்.

இத்தகைய சூழலில் வாழ்ந்த வேதநாயகரின் நூற்பட்டியலை நோக்கின், அதன்கண் பிற சமயத்தைத் தாக்கும் கண்டன நூல் ஒன்றேனும் இல்லாமை புலனாகும். வாதத்திறன் குன்றியதனால் அவர் வாதிடாதிருந்தார் எனல் இயலாது. வழக்குகளைக் கேட்டுத் தீர்ப்பு எழுதுவதே அவர் தொழில். தம் சமயத்தை அறியாமையும் காரணமன்று. அதன்மீது அந்தாதிகளும் பதிகமும் பாடியவர் அவர். எனவே, கண்டனம் எழுதாமை அவர் தெரிந்து மேற்கொண்ட நெறி என்றே கொள்ளுதல் வேண்டும். சமயத்தை நிலைநாட்டுதற்கு வேறு வழி ஒன்று உண்டு என அவர் கருதினார். அவ்வழி யாது என்பதனை அறியக் கத்தோலிக்க மரபின் ஒரு கூற்றினைச் சுருங்க நோக்குதல் இன்றியமையாதது.

3. இரக்கச் செயல்கள் பதினான்கு

நம்பிக்கையும் நற்செயலும் எத்தொடர்புடையன என்பது 16ஆம் நூற்றாண்டில் மேலைக் கிறித்தவ உலகைப் பிளந்த வினாக்களுள் ஒன்று. நம்பிக்கை ஒன்றினாலேயே மனிதன் இறைவன் முன் நீதிமானாகின்றான் என்றார் மார்ட்டின் லுத்தர். அருளால் தொடங்கும் அந்நம்பிக்கை அன்பினால் உயிர்பெற்று நற்செயலாய் வெளிப்படுதல் வேண்டும் என்று 1547ஆம் ஆண்டில் திரெந்துப் பொதுச்சங்கம் வரையறுத்தது. இவ்வரையறைக்குப் பின் கத்தோலிக்க ஞானோபதேசத்தில் நற்செயல் பற்றிய கல்வி தவறாது இடம்பெறலாயிற்று.

அந்நற்செயல்களுள் தலையாயவை 'இரக்கச் செயல்கள்' எனப்படும். அவை பதினான்கு, ஏழு உடலைச் சார்ந்தவை, ஏழு உயிரைச் சார்ந்தவை. பசித்தோர்க்கு உணவளித்தல், தாகமுற்றோர்க்கு நீரளித்தல், ஆடையிலார்க்கு ஆடையளித்தல், வழிப்போக்கர்க்கு இடமளித்தல், நோயுற்றோரைக் காணல், சிறைப்பட்டோர்க்கு உதவல், இறந்தோரை அடக்கஞ் செய்தல் ஆகியன முன்னைய ஏழு. அறியார்க்கு அறிவுறுத்தல், ஐயுற்றோர்க்கு வழிகாட்டல், தவறுவோரைத் திருத்தல், துயருற்றோரைத் தேற்றல், இழைத்த தீங்கை மன்னித்தல், பிறர் தரும் துன்பத்தைப் பொறுத்தல், வாழ்வோர்க்கும் மாண்டோர்க்கும் வேண்டுதல் ஆகியன பின்னைய ஏழு.

முன்னைய ஏழனுள் ஆறு, மத்தேயு எழுதிய நற்செய்தியின் 25ஆம் இயலில் வரும் இறுதித் தீர்ப்புப் பகுதியினின்று பெறப்பட்டவை. அப்பகுதியின் கருத்து ஊன்றி நோக்கத்தக்கது. தீர்ப்பளிக்கும் இறைவன் ஆண்டு வினவுவது கொள்கையைப் பற்றியன்று. பசித்தவனுக்குச் சோறிட்டாயா என்பதனையே. எளியவனுக்கு இட்டது தமக்கே இட்டதாகும் என்பது அவன் கூற்று. உணவு பெறுவோன் எச்சமயத்தான் என்னும் வினாவிற்கு அங்கு இடமே இல்லை.

வேதநாயகரின் வாழ்க்கைப் பணிகளை இப்பட்டியலின் அருகில் வைத்து நோக்கின், அவை ஒன்றோடொன்று தொடர்பற்ற பல துறைப் பணிகளாகத் தோன்றா. நீதிநூல், பெண்கல்வி, சட்ட மொழிபெயர்ப்பு, கஞ்சித்தொட்டி ஆகிய யாவும் அறியார்க்கு அறிவித்தல், தவறுவோரைத் திருத்தல், பசித்தோர்க்கு உணவளித்தல் என்னும் ஒரே நெறியின் கிளைகள் என்பது விளங்கும்.

4. நீதிமன்றத்தில் தொண்டு

நீதிபதியின் பதவி அதிகாரம் உடையது. அக்காலத்தில் கைக்கூலிக்கும் இடந்தந்தது. வேதநாயகர் பதவியேற்று ஈராண்டுகளில், 1859இல், 'நீதிநூ'லை வெளியிட்டார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அதற்குச் சிறப்புப்பாயிரம் அளித்துப் போற்றினார். தெய்வமுண்டெனல் என்னும் அதிகாரத்தில் தொடங்கி, அரசியல்பு, குடிமக்கள் கடமை, தாய்தந்தையரைப் பேணல், மாதரைப் படிப்பித்தல் எனப் பல அதிகாரங்களாக விரியும் அந்நூலில் கைக்கூலிக்கெனவே ஓர் அதிகாரம் உண்டு. போலிக் குருக்களைக் கடியும் அதிகாரமும் உண்டு. தம் சமயத்தவர் பிற சமயத்தவர் என்னும் வேறுபாடின்றிச் சமயத்தின் பெயரால் பிழைப்போரை அவர் கண்டித்தார் என்பதற்கு இது சான்றாகும்.

இந்நூலின் அதிகார வைப்புமுறை கருதத்தக்கது. முதற்கண் இறைவன், அவனைத் தொடர்ந்து மனிதன் மனிதனுக்குச் செய்யும் கடன்கள். இறையுண்மையை நிறுவியபின் அதனைக் கொள்கை விளக்கமாக நீட்டாது, உடனே அறவொழுக்கத்திற்கு இறங்குகின்றார் ஆசிரியர். கிறித்து, திருச்சபை, தேவமாதா என்னும் பெயர்களைப் பொருளாகக் கொண்டு அவர் பாடியன பின்னர்த் தனிநூல்களாயின. ஒரே புலவர் இரண்டையும் பிரித்து வைத்தார். ஆனால் ஒன்றை ஒன்று மறுக்குமாறு வைத்தாரல்லர்.

1862ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட 'சித்தாந்த சங்கிரகம்' இலக்கியமன்று. ஆதலின் அதனை இலக்கிய வரலாற்றாசிரியர் பலரும் பெயரளவில் கூறி அகல்வர். சதர் நீதிமன்றம் 1805 முதல் 1861 வரை வழங்கிய தீர்ப்புகளின் சாரத்தைத் தமிழில் தந்த நூல் அது. ஆங்கிலம் அறியாத வழக்காளி, தன் உரிமை எது என்பதனை அறியாமலே வழக்கில் தோற்று நின்ற காலம் அது. தனக்குரிய நீதியைத் தன் மொழியில் அறிந்துகொள்ள இயலாதவனும் ஒருவகையில் சிறைப்பட்டவனே. அவனுக்குச் சட்டத்தைத் தமிழாக்கி அளித்தலைத் தொண்டு என்னாது வேறென்னென்பது? 'பிரதாப முதலியார் சரித்திர'த்தில் ஞானாம்பாள் ஆண்வேடம் பூண்டு விக்கிரமபுரியை ஆளும் பகுதியில், மக்கள் அறியா மொழியில் நீதிமன்றம் நடத்தலின் கேட்டினை ஆசிரியர் எடுத்துக் கூறுவதும் இக்கருத்தின் தொடர்ச்சியே. தமிழ்ப்பற்று என்று நாம் பாராட்டும் இப்பண்பின் அடியில் ஏழை வழக்காளியின் மீது கொண்ட இரக்கம் உள்ளது என்பதனை மறத்தலாகாது.

'பெண்மதி மாலை' 1869இல் வெளிவந்தது. பெண்கல்வி, பெண்மானம் ஆகியவற்றை வற்புறுத்தும் உரைநடைப் பகுதிகளும் அதனோடு சேர்ந்தன. மாயூரத்தில் பெண்களுக்கெனப் பள்ளி ஒன்றினை அவர் தொடங்கினார் என அவர் வரலாறு எழுதினோர் கூறுவர். அறியார்க்கு அறிவுறுத்தல் என்னும் இரக்கச் செயலை ஆண்மக்கள் அளவில் நிறுத்திவிடாது இல்லத்துப் பெண்மக்களுக்கும் உரியதாக்கினார் என்பது கருதத்தக்கது.

5. தாது ஆண்டுப் பஞ்சம்

இனி, அவர் தொண்டு உரைகல்லில் ஏறிய காலத்துக்கு வருவோம். 1876ஆம் ஆண்டில் பருவமழை பொய்த்தது. தாது ஆண்டில் தொடங்கி 1878 வரை நீண்ட அப்பஞ்சம் தமிழ்மக்கள் நினைவில் 'தாதுவருடப் பஞ்சம்' எனவே நிலைத்தது. தென்னிந்தியப் பகுதிகளில் 50 இலட்சத்திற்கும் மேற்பட்டோர் பசியாலும், பசியைத் தொடர்ந்த வாந்திபேதி முதலிய நோய்களாலும் மாண்டனர் என்பது பொதுவாக ஏற்கப்படும் மதிப்பீடு.

அரசின் துயர்நீக்கப் பணி சிக்கனத்தையே தலைமைக் கோட்பாடாகக் கொண்டிருந்தது. 1877ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அரசப் பிரதிநிதியின் தூதராகச் சென்னைக்கு வந்த சர் ரிச்சர்டு டெம்பிள், துயர்நீக்க வேலைக்களத்தில் நாள்முழுதும் உழைக்கும் ஆடவனுக்கு ஒரு ராத்தல் தானியமும் ஓர் அணாவும் போதும் என வகுத்தார். சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையராகிய கார்னிஷ், அவ்வளவு உணவு உழைப்பவன் உயிரைக் காவாது என மருத்துவ அறிவின் துணைகொண்டு மறுத்தார். அதன் பயனாக 1877 மார்ச்சுத் திங்களில் சென்னை அரசு உணவளவை ஓரளவு உயர்த்தியது. தானிய வாணிகத்தில் தலையிடாமையும் அரசின் கொள்கையாக இருந்தது. ஆதலின் பஞ்சம் மிக்க நாளிலும் தானியம் விலை மிக்க இடம் நோக்கிச் சென்றுகொண்டே இருந்தது.

மாயூரம் அடங்கிய தஞ்சை மாவட்டம், காவிரிப் பாசனத்தின் துணையால், பஞ்சத்தின் முழுக்கொடுமைக்கும் ஆளாகவில்லை. பெல்லாரி, கர்நூல், கடப்பை, சேலம் ஆகிய மாவட்டங்களின் நிலை அங்கு இல்லை. எனினும், விளைவு உள்ள நிலத்திலும் பசி உண்டு. நெல்லின் விலை ஏற ஏற, நிலமுடையோர் வளம்பெற்றனர். கூலிக்காரர் வயிறு காய்ந்தனர். களஞ்சியத்தில் நெல் இருக்க, வாயிலில் பட்டினி கிடக்கும் நிலையே விளைநிலப் பகுதியின் பஞ்சம். கண்ணெதிரே உணவு இருப்பதனால் இந்நிலை செல்வரின் மனச்சான்றினைக் கூர்மையாகச் சோதிப்பதாகும்.

வேதநாயகர் அப்போது அரசு அலுவலர் அல்லர். ஓய்வு பெற்று நான்காண்டுகள் கழிந்திருந்தன. துயர்நீக்கப் பணி அவர்மேல் எவரும் சுமத்திய கடமையன்று. தாமாகவே முன்வந்து, தம் பொருளைச் செலவிட்டுக் கஞ்சித்தொட்டிகள் அமைத்துப் பசித்தோர்க்கு உணவளித்தார். வாழ்நாளில் ஈட்டிய பொருள் அத்தொண்டிலேயே கரைந்தது என்று கூறும் வகையில் அவர் கொடை அமைந்தது. நந்தனார் சரித்திரக் கீர்த்தனை பாடிய கோபாலகிருஷ்ண பாரதியார் அக்கொடையைக் கண்டு வியந்து, வேதநாயகரைப் புகழ்ந்து ஒரு கீர்த்தனை பாடினார். பாரதியார் சிவபத்தியில் தோய்ந்தவர். செல்வரைப் பாடிப் பொருள்பெறுதலைத் தொழிலாகக் கொண்டவரல்லர். அத்தகையார் கத்தோலிக்கர் ஒருவரைப் பாடினார் எனின், அவர் பாடியது அம்மனிதரின் செல்வத்தையோ பதவியையோ அன்று, பசித்த வயிற்றில் விழுந்த கஞ்சியையே என்று கொள்ளுதல் பொருந்தும்.

6. கஞ்சியும் மதமாற்றமும்

இப்பணியின் அருமையை உணரவேண்டின், அக்காலத்து எழுந்த ஒரு வினாவினை அறிதல் வேண்டும். பஞ்ச ஆண்டுகளில் தென்னிந்தியாவில் கிறித்தவம் தழுவினோர் பல்லாயிரவர். கத்தோலிக்கத் துறவியரிடமும் புரோட்டஸ்தாந்தச் சபையாரிடமும் மக்கள் கூட்டங்கூட்டமாய் வந்தனர். உணவு பெறும் பொருட்டே மதம் மாறினர் என்னும் பழியும் உடன் எழுந்தது. இப்பழியின் கூர்மையைச் சமயப் பரப்புநரே உணர்ந்திருந்தனர். நெல்லூர்ப் பகுதியில் பணியாற்றிய அமெரிக்க பாப்திஸ்துச் சபையினராகிய கிளாவ், பக்கிங்காம் கால்வாயின் ஒரு பகுதியை வெட்டும் ஒப்பந்தம் ஏற்றுப் பல்லாயிரவர்க்கு வேலையளித்தார். உணவுக்கும் ஞானத்தானத்துக்கும் தொடர்பு உண்டெனும் ஐயம் எழாதிருக்கத் துயர்நீக்கம் நடந்த காலமெல்லாம் எவரையும் சேர்க்காது நிறுத்திவைத்தார். அப்பணி ஓய்ந்தபின்னரே, 1878ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 3ஆம் நாள் ஒன்றில் மட்டும் 2,222 பேர் ஞானத்தானம் பெற்றனர்.

பசித்து வந்தவருள் சமயத்தில் உண்மை விருப்பம் உடையோர் இலர் எனக் கூறுதல் அவர்களை இழிவுபடுத்துவதாகும். நூற்றாண்டுகளாகச் சாதியால் ஒடுக்கப்பட்டோர் மதிப்புடைய வாழ்வை நாடிப் புதுநெறி தேர்ந்தமைக்குப் பசி ஒன்றே காரணம் என்றல் வரலாறும் அன்று. ஆயினும், கொடுப்போன் கையில் ஒரு பொறுப்பு உளது. பசித்தவன் எதனையும் ஏற்கும் நிலையில் உள்ளான். ஆதலின் அவனிடம் எதனையும் கேளாதிருத்தல் கொடுப்போன் கடன்.

வேதநாயகர் இக்கடனை எவ்வாறு உணர்ந்தார் என்பதற்கு 1878ஆம் ஆண்டு நூலே விடைபகர்கின்றது. பஞ்சத்தின் நடுவில், கஞ்சித்தொட்டி நடத்திய கத்தோலிக்கர் ஒருவர், அதே காலத்தில் எச்சமயத்தாரும் பாடத்தக்க கீர்த்தனைகளை வெளியிட்டார். தம் சமயத்துக்கே உரிய சத்திய வேதக் கீர்த்தனைகளை அவர் பாடியிருந்தும், பொதுமக்கள் கையில் கொடுக்கத் தேர்ந்தது சமரசக் கீர்த்தனையை. அதன்கண் இறைவன் புகழோடு பஞ்சத் துயர் பற்றிய பாடல்களும், இல்லறம், அதிகாரிகளின் ஒழுக்கம் பற்றிய பாடல்களும் விரவி வருகின்றன. பஞ்சத்தைத் தீர்க்குமாறு இறைவனை வேண்டும் பாடலைச் சைவனும் வைணவனும் இசுலாமியனும் கிறித்தவனும் ஒருவாய்ப்படப் பாடலாம். ஒரு தொட்டியினின்று கஞ்சி பெற்றார் ஒரு பாடலினின்று ஆறுதலும் பெறுவராக என்பது அந்நூலின் உட்கிடை எனலாம். சமரசக் கீர்த்தனையைக் கஞ்சித்தொட்டியினின்று பிரித்துப் பயிலுதல் அதன் பொருளைப் பாதியாகக் குறைப்பதாகும்.

7. இரண்டு தடைகளும் விடைகளும்

இக்கருத்தின்மேல் இரண்டு தடைகள் எழுதல் கூடும்.

முதலாவது, கொடை தமிழர்க்குப் பழம்பண்பு. அதனைக் கத்தோலிக்கம் எனப் பெயரிடுவது எற்றுக்கு என்பது. திருக்குறளில் ஒப்புரவறிதலும் ஈகையும் அடுத்தடுத்த அதிகாரங்கள். மணிமேகலை அமுதசுரபி ஏந்திப் பசிப்பிணி தீர்த்த காவிரிப்பூம்பட்டினம் வேதநாயகர் நீதி வழங்கிய சீர்காழிக்கும் மாயூரத்துக்கும் அண்மையது. அவர் காலத்திலேயே இராமலிங்க அடிகள் 1867ஆம் ஆண்டில் வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். சைவத்தின் காவலராகிய ஆறுமுக நாவலரும் அதே பஞ்சக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் கஞ்சித்தொட்டித் தருமம் நடத்தினார். சமரசம் என்னும் சொல்லும் தாயுமானவர் வழி வந்து வடலூரில் செழித்த சொல்லே.

இவையனைத்தும் உண்மை. இவற்றால் நம் கருத்து வலுப்பெறுமேயன்றி நலிவடையாது. வேதநாயகரின் தொண்டு கத்தோலிக்கத்துக்கு மட்டும் உரியது என நாம் கூறவில்லை. அவர் தம் கத்தோலிக்கத்தை வாழ்ந்து காட்டியபோது, அது தமிழ்மக்கள் முன்னரே அறிந்த அறத்தின் வடிவில் வெளிப்பட்டது என்கின்றோம். நூல்வழி விவாதத்தில் எதிரெதிர் நின்ற சமயங்கள் கஞ்சித்தொட்டியில் ஒரே செயலைச் செய்தன. நாவலரும் வேதநாயகரும் சமயத்தால் வேறுபட்டோர். ஒருவர் கண்டனத்தில் வல்லவர், மற்றவர் கண்டனத்தை விலக்கியவர். பசித்தோர் முன் இருவர் கையும் ஒருவாறே நீண்டது.

இரண்டாவது தடை கத்தோலிக்கர் பக்கலிலிருந்து எழக்கூடியது. எல்லாச் சமயமும் ஒன்றே எனக் கொள்ளும் கருத்தினை ஒன்பதாம் பத்திநாதர் என்னும் பாப்பரசர் 1864ஆம் ஆண்டில் வெளியிட்ட பிழைத்தொகுப்பு விலக்கியிருந்தது. அவ்வாறிருக்க, பதினான்கு ஆண்டுகள் கழித்து ஒரு கத்தோலிக்கர் சர்வ சமய சமரசம் பாடலாமோ?

இதற்கு விடை நூலின் அமைப்பிலேயே உள்ளது. சமயங்கள் யாவும் ஒன்றே என்னும் கொள்கையை நிறுவுதல் வேதநாயகரின் நோக்கமன்று. அதுவே நோக்கமாயின், சத்திய வேதக் கீர்த்தனையும் தேவமாதா அந்தாதியும் பாட வேண்டிய தேவை அவருக்கில்லை. பல சமயத்தாரும் ஒருங்கு நிற்றற்கு உரிய இடத்தைக் கண்டு, அவ்விடத்தில் நின்று பாடினார். இறைவன் ஒருவன், அவன் அருளுடையவன், அவனை வணங்குவோன் பிறர்க்குத் தீங்கிழைத்தல் ஆகாது, இவையே அவ்விடம். தனக்குரிய வழிபாட்டைத் தன் கோயிலிலும், அனைவர்க்கும் உரிய அறத்தை ஊர் நடுவிலும் வைத்தார் என இதனைக் கூறலாம். பிற சமயங்களிலுள்ள உண்மையும் தூயதுமான கூறுகளைத் திருச்சபை தள்ளுவதில்லை என இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் 1965ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 28ஆம் நாள் வெளியிட்ட ஏட்டில் அறிவித்தது. சமரசக் கீர்த்தனைக்கும் அவ்வறிவிப்புக்கும் இடையே 87 ஆண்டுகள் கழிந்தன. வேதநாயகர் இறையியல் நுட்பம் வகுத்தவர் அல்லர். பசித்தோரோடு பழகியவர் முன்னதாகவே வந்தடைந்த இடத்துக்கு, இறையியல் பின்னர் வந்து சேர்ந்தது என்று கூறுதல் மிகையாகாது.

இந்நெறி வெறும் கொள்கையன்று என்பதற்கு அவர்தம் நட்பு வட்டமும் சான்று. மீனாட்சிசுந்தரம் பிள்ளை அவர்மேல் 'குளத்தூர்க் கோவை' பாடினார். அப்பெரும்புலவர் இயற்றிய 'சீகாழிக் கோவை'யை வேதநாயகர் பாராட்டிப் பாடினார். திருவாவடுதுறை ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகரோடு அவர் கொண்டிருந்த நட்பினை உ. வே. சாமிநாதையர் தம் வரலாற்றில் குறித்துள்ளார். சைவ மடத்தின் தலைவரும் கத்தோலிக்க நீதிபதியும் ஒருவரை ஒருவர் மதமாற்ற முயலாது மதித்துப் பழகினர். ஒருவர் மற்றவரின் சமயத்தை அறியாமையால் வந்த நட்பன்று அது; நன்கறிந்தும் குறையாத நட்பு.

8. முடிவுரை

மேற்கூறியவற்றால் பெறப்படுவன இவை. வேதநாயகம் பிள்ளையின் பத்தி நூல்களும் சமரசக் கீர்த்தனையும் இருவேறு மனநிலையின் விளைவுகள் அல்ல. நற்செயலின்றி நம்பிக்கை நிறைவுறாது என்னும் கத்தோலிக்க மரபினை அவர் ஏற்றார். அந்நற்செயலுக்கு உரியவர் எச்சமயத்தவர் என அவர் வினவவில்லை. வினவாமை அவருடைய சமயப்பற்றின் குறைவன்று, அதன் பயனே. நீதிநூலும் சித்தாந்த சங்கிரகமும் பெண்மதி மாலையும் கஞ்சித்தொட்டியும் அந்நம்பிக்கையின் வெவ்வேறு வெளிப்பாடுகள்.

இதனின்று இலக்கிய ஆய்வாளர் கொள்ளத்தக்க பயன் ஒன்றுண்டு. 19ஆம் நூற்றாண்டுத் தமிழிலக்கியத்தைச் சமயக் கண்டனங்களின் காலமாக மட்டும் கருதும் வழக்கம் நம்மிடையே உண்டு. கண்டன நூல்கள் அச்சில் கிடைப்பவை. ஆதலின் அவை நம் கண்ணில் முதற்கண் படுகின்றன. கஞ்சித்தொட்டிகள் அச்சேறியன அல்ல. அவற்றின் சுவடு ஒரு கீர்த்தனையிலோ, ஒரு புலவர் பாடிய புகழிலோ எஞ்சியிருக்கும். அச்சுவடுகளையும் தொகுத்து நோக்கினாலன்றி அந்நூற்றாண்டின் சமய வாழ்வு முழுமையாகப் புலப்படாது. பட்டமேற்படிப்பு மாணவர் இத்துறையில் புகுந்து, தாதுப் பஞ்சக் கால இலக்கியத்தைச் சமய எல்லை கடந்து ஒருங்கு திரட்டி ஆராய்வாராயின், அது பயனுடைய முயற்சியாகும்.

முதல் நாவலாசிரியர் என்னும் பெயரைக் காலம் வேதநாயகருக்கு அளித்தது. அவர் தாமே விரும்பித் தேடிய பெயர் அதுவன்று. தமிழில் உரைநடை நூல்கள் அருகியிருந்த குறையைப் போக்கவே அந்நாவலை எழுதியதாக அவர் அதன் முகவுரையில் கூறுகின்றார். குறை கண்டவிடத்துக் கைகொடுத்தலே அவர் இயல்பு. மொழியில் குறை கண்டபோது நூல் எழுதினார். நீதியில் குறை கண்டபோது சட்டத்தைத் தமிழாக்கினார். வயிற்றில் குறை கண்டபோது கஞ்சி வார்த்தார். இவையனைத்தும் ஒரு பத்தரின் வழிபாடே என்பது இக்கட்டுரையின் துணிபு.